எல்லையில் இருக்கும் பெயர்

(மூதூர்ப் பகுதியிலுள்ள கட்டைபறிச்சானில் ஊர்மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலிருந்து இந்த மண்டபத்துக்கு நடந்துதான் வந்தேன். வரும்போது ஆளில்லாத வளவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழு இருந்தன. இரண்டில் சுவர் நிற்கிறது, கூரை இல்லை. மூன்றில் கிணற்றுக்கட்டு மட்டும் தெரிகிறது. ஒன்றில் நாயுண்ணிப் பற்றை ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது; அதற்குள்ளே ஒரு குந்தும், குந்தின்மேல் ஒரு அம்மியும் அப்படியே இருக்கின்றன. குழவியை மட்டும் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஓய்வு பெறும் வரைக்கும் காணிக் கிளையில் வேலை பார்த்தவன் என்பதால், கலியாணம் கட்டி வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "ஐயா, அந்த வளவு சும்மாதானே கிடக்குது. அதை வாங்கேலாதா?"

வாங்கலாம். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, எதைப் பார்த்துக் கேட்பது என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முதல், "சும்மா கிடக்குது" என்ற அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்தக் கரையில் அந்தச் சொல்லால் நாம் பட்டது கொஞ்சமல்ல.

1840ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இந்த நாட்டுக் காணி பற்றி இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார்கள். 7ஆம் இலக்கச் சட்டம், காணி கைமாறுவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சியோடு கையொப்பம் வைக்க வேண்டும் என்றது. 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவோ தரிசாகவோ ஆளில்லாமலோ பயிரில்லாமலோ கிடக்கும் நிலம், வேறொருவர் தன்னுடையதென்று நிறுவும் வரைக்கும், முடிக்குரியதாகவே கொள்ளப்படும் என்றது. நம்முடைய ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: சேனையூர், மணற்சேனை, கடற்கரைச்சேனை. சேனை என்றால் ஒரு போகம் வெட்டி எரித்துப் பயிர்செய்து, பிறகு சில வருடம் ஆறவிட்டு, மறுபடி திரும்பி வருகிற நிலம். ஆறவிட்ட சேனையைப் பார்த்த துரைக்கு அது ஆளில்லாத நிலமாகத் தெரிந்தது. நம் பூட்டனுக்கு அது நாலு வருடம் கழித்துத் திரும்பி வரப்போகிற நிலம். இன்றைக்கும் நாட்டு நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அரசுக்குரியதாக இருப்பதற்கும், நம்மில் பலருடைய கையில் உறுதி இல்லாமல் பெர்மிட் மட்டும் இருப்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது கதை உங்களுக்கே தெரியும். 2006 ஏப்ரல் கடைசியில் இந்தக் கரையில் குண்டு விழத் தொடங்கியது. ஓகஸ்டில் மூதூர்ச் சண்டை. மூதூர் முஸ்லிம் சனம் கந்தளாய்ப் பக்கம் ஓடியது. நம் சனம் வெருகல் தாண்டி வாகரைக்கு ஓடியது. செப்ரெம்பர் 4ஆம் திகதி சம்பூர் படையினர் வசமானது. அடுத்த வருடம் மே மாத வர்த்தமானியில் சம்பூரும் சூழவுள்ள ஊர்களும் உயர் பாதுகாப்பு வலயமாயின. பிறகு அங்கே 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. 2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை இரத்துச் செய்தார். கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில்தான் திரும்பக் கிடைத்தது. அதுவரைக்கும் சம்பூர்ச் சனம் எங்கே இருந்தது? இந்தக் கட்டைபறிச்சானில் இருந்தது. மணற்சேனையிலும் பட்டித்திடலிலும் கிளிவெட்டியிலும் இருந்தது. தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, மழைக்கு முதல் தங்கள் வயல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த வருடங்களில் அவர்களுடைய வளவுகளையும் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சும்மா கிடக்கும் நிலம் என்றுதான் எழுதினார்கள். உரிமையாளர் ஒரு மிதிவண்டித் தூரத்தில் இருந்தார்.

ஆகவே, பற்றை மண்டிய வளவு ஒன்றைப் பார்க்கும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "இது யாருடையது, அவர் இப்போது எங்கே" என்பதுதான். வாங்கும் ஆசையெல்லாம் அதற்குப் பிறகு.

இதிலே சட்டமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. நம் ஊரில் "பத்து வருச ஆட்சி" என்று எல்லோரும் பேசுகிறோமே, அது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஒருவர் பிறருடைய காணியை, அவருடைய உரிமையை ஏற்காமல், இடையூறில்லாமல் பத்து வருடம் தொடர்ந்து ஆண்டால் தனக்கு உரிமை கோரலாம் என்று அது சொல்கிறது. சில பேர் இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு வேலி போடக் கிளம்புகிறார்கள். அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. உரிமை கோரும் காலம் தொடங்கும்போது உரிமையாளர் சிறுபிள்ளையாகவோ, சித்தசுவாதீனமற்றவராகவோ, கடல் கடந்து வேறு நாட்டில் இருப்பவராகவோ இருந்தால், அந்தப் பத்து வருடக் கணக்கு அவருக்கு எதிராக ஓடாது. உச்சவரம்பு 30 வருடம். கப்பலில் போய்வந்த காலத்தில், 1871இல், கடலுக்கு அப்பால் இருப்பவனையும் நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி ஒருவர் தந்த காணியை எத்தனை வருடம் பார்த்தாலும் அது உங்கள் ஆட்சி ஆகாது. மாங்காய் பறித்து விற்றதும், மாடு கட்டியதும், வேலி அடைத்ததும் அவருடைய அனுமதியின் பேரில் செய்தவைதான். அரச காணிக்கு எதிராக இந்த ஆட்சிக் கணக்கு ஓடவே ஓடாது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் காணியை விட்டுப் போய், நீதிமன்றப் படி ஏற முடியாமல் இருந்தவர்களுக்காக வந்த சட்டம். வழக்குப் போடக் காலவரை வைத்த சட்டம் என்பதால் இன்றைக்கு அதன் பயன் உங்களுக்கு உண்டா என்று ஒரு சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் இந்த நாட்டுப் பாராளுமன்றமே ஓடிப்போன சனத்தின் காணி வேறு விதமாகப் பார்க்கப்பட வேண்டியது என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டது. மூதூர் முஸ்லிம் அயலவரின் காணியாக இருந்தாலும், கந்தளாய்ப் பக்கம் போய்விட்ட சிங்களக் குடும்பத்தின் காணியாக இருந்தாலும், நம் இனத்தாரின் காணிக்குச் சொல்கிற நியாயத்தைத்தான் அதற்கும் சொல்ல வேண்டும்.

சரி, ஆளைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் சில பவுண் கட்டினால், பதிவான எந்த வீட்டுக்கும் உரிமையாளரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து யாரும் எடுக்கலாம். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கிறார்கள். நமக்கு அப்படி இல்லை. காணிப் பதிவகத்துக்குப் போனாலும் உறுதி இலக்கமோ பதிவேட்டின் இலக்கமோ கையில் இருந்தால்தான் தோம்பு பார்க்கலாம். அது இல்லாதபோது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய பத்திரம் உங்கள் சொந்த உறுதி. உங்கள் வளவின் நாலு எல்லையும் அதில் எழுதியிருக்கும். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் வளவு, தெற்கே இன்னாரின் வயல் என்று. பக்கத்து வளவுக்காரரின் பெயர் உங்கள் றங்குப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழைய பெயராக இருக்கலாம், ஆள் இறந்திருக்கலாம். பரவாயில்லை, நூலின் ஒரு நுனி கையில் கிடைத்துவிட்டது.

அடுத்த நுனி கோயிலில் இருக்கிறது. திருவிழாவுக்கு எத்தனையாம் நாள் யாருடைய உபயம் என்று பொருளாளரின் கொப்பியில் இருக்கும். 1990இல் இந்தியாவுக்குப் படகேறி, அங்கிருந்து எங்கெங்கோ போன குடும்பம்கூட, வருடா வருடம் தன் உபயத்தை விடாமல் அனுப்புகிறது. அந்தக் கொப்பியில் தொலைபேசி இலக்கமும் இருக்கும். அதைப் பொருளாளரிடமிருந்து பறித்து வராதீர்கள். "நான் கதைக்க விரும்புறன் எண்டு அவையளிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ" என்று சொல்லுங்கள். அவர்களே திரும்பி எடுப்பார்கள்.

மூன்றாவது, நம் மரண அறிவித்தல்கள். இதை நான் வேலையில் இருந்தபோது கற்றுக்கொண்டேன். "இன்னாரின் அன்புப் பாரியாரும், கனடாவில் இருக்கும் இன்னார், சுவிஸில் இருக்கும் இன்னார், காலஞ்சென்ற இன்னார் ஆகியோரின் பாசமிகு தாயாரும்" என்று வருகிறதல்லவா, அது ஒரு வம்சப் படம். காணிக்காரர் இறந்திருந்தால் உரித்தாளிகள் எத்தனை பேர், எந்தெந்த நாட்டில் என்று அந்த ஒரு பத்தியில் இருக்கிறது. அது சட்டப் பத்திரம் அல்ல. ஆனால் யார் யாரோடு பேச வேண்டும் என்பதை அதைப்போலத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

ஏன் எல்லோரோடும் பேச வேண்டும்? பொதுச் சட்டப்படி கணவன் மனைவியில் ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி மற்றவருக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமபங்கு. தகப்பன் இறந்து தாயும் நாலு பிள்ளைகளும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டிலொன்று. ஊரில் இருக்கும் மூத்த மகன், "எனக்குத்தான் எல்லாம்" என்று சொல்லி முழு வளவுக்கும் உறுதி எழுதித் தந்தாலும், உங்களுக்கு வந்து சேர்வது அவருடைய எட்டிலொன்று மட்டும்தான். மற்றவர்கள் ஒருநாள் பங்குவழக்கோடு வருவார்கள். அப்போது நீங்கள் வீடு கட்டி முடித்திருப்பீர்கள்.

நம் பகுதியில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் கொடுப்போம். ஆகவே பாதி வளவுகளுக்கு உண்மையான உரிமையாளர் ஒரு பெண். ஆனால் காணி பேசப் போகிறவர்கள் அவருடைய கணவனையோ தமையனையோதான் தேடுகிறார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த பிழையும் இதுதான். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் வளவுக்குக் கிழக்கே அரை ஏக்கர். அது ஓர் அக்காவின் சீதன வளவு. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து போனவர், இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். என் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தபோது அந்த வளவை வாங்கினால் பிள்ளை பக்கத்திலேயே இருப்பாளே என்று எனக்கு ஆசை வந்தது. அக்காவின் தம்பி திருகோணமலை நகரத்தில் இருக்கிறார், எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அவரிடம் போய் ஒரு விலையைச் சொல்லி, அக்காவிடம் சொல்லிவிடும்படி கேட்டேன். நாலு மாதம் ஒரு பதிலும் இல்லை. விலை போதாது என்று நினைக்கிறாராக்கும் என்று நான் கூட்டிச் சொல்லி விட்டேன். அப்போதும் பதில் இல்லை.

மனைவிதான் சொன்னாள், "அவவின்ர வளவுக்கு அவவிட்டயே கேளுங்களேன்" என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு எடுத்தேன். கோடை காலத்தில் அங்கே காலை பத்தரை. வேலைநாளில் எடுக்கக் கூடாது. அங்கே உள்ளவர்கள் இரண்டு வேலை செய்துவிட்டுத் தூங்குகிற நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நெஞ்சு அடிக்கும்.

"ஆரு பேசுற?"

"அக்கா, கட்டைபறிச்சானில இருந்து. உங்கட மேற்கு வளவு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "கிணத்துல தண்ணி இருக்கா?"

"இருக்கு அக்கா. சித்திரையிலயும் வத்தயில்ல."

"சவரா?"

"கொஞ்சம் சவர்தான். ஆத்துத் தண்ணி ஏறுற மாசத்துல கூட."

பிறகு பலா நிற்கிறதா என்று கேட்டார். 2006க்குப் பிறகு அது இல்லை என்றேன். எங்கள் ஒழுங்கையில் யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். என் அம்மா கடைசிக் காலத்தில் எப்படி இருந்தார் என்று கேட்டார். நாற்பது நிமிடம் பேசினோம். விலை என்ற சொல்லை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. வைக்கும்போது மட்டும் சொன்னார்: "முதல்லயே என்னட்டக் கேட்டிருக்கலாமே தம்பி. அவனிட்ட ஏன் விலையைச் சொன்ன? விக்கிறனா இல்லையா எண்டு நானே இன்னும் நினைக்கயில்லையே."

அந்தச் சொல்லைத்தான் இன்றைக்கு உங்களிடம் கொண்டுவந்தேன். நாம் விலையோடு போகிறோம். அவர்கள் அந்த வீட்டை இன்னும் மனதால் இறக்கி வைக்கவில்லை. இரவோடு இரவாகப் பூட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள். பலருக்குத் திறப்பு இன்னும் கையில் இருக்கிறது. விற்பதா என்று அவர்கள் முடிவெடுக்க நாள் வேண்டும். அதற்கு முன்னால் அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்ற உண்மை வேண்டும். அந்த உண்மையைக் கொடுக்கக்கூடிய ஆள் நீங்கள்தான். படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நல்ல பக்கத்தையும் எடுங்கள், இடிந்த பக்கத்தையும் எடுங்கள்.

இங்கே சில பேர் செய்கிற ஒரு காரியத்தைக் கண்டிக்காமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். "காணியை ஆமி எடுக்கப் போகுதாம்", "ரோட்டுக்கு அளக்கிறாங்களாம்", "வேற ஆக்கள் வேலி போடுறாங்கள்" என்று பொய் சொல்லிப் பயமுறுத்தி விலையை இறக்குகிறார்கள். வெளியில் இருக்கிறவருக்கு அதை விசாரிக்க வழியில்லை, பயந்து வருகிற காசுக்குக் கொடுத்துவிடுகிறார். அது களவு. தரகரை வைத்துச் செய்தாலும் களவுதான். அதே ஒழுங்கையில் போன வருடம் ஒரு பேர்ச்சஸ் என்ன விலைக்குப் போனது என்று கேட்டால், தெரிந்ததை அப்படியே சொல்லுங்கள். தெரியாவிட்டால், கட்டணம் கட்டி மதிப்பீட்டாளரைக் கூப்பிடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆள் சம்மதித்த பிறகு பத்திரம். இதிலே ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூதூர்ப் பகுதியில் அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வாங்கப் போவது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?

பெர்மிட் என்பது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுக்கும் அனுமதிப்பத்திரம். அது உரிமையாளரின் காணி அல்ல. அரச காணியில் குடியிருந்து பயிர்செய்ய ஒருவருக்குக் கொடுத்த அனுமதி. காணியைக் கைவிட்டுப் போனால் இரத்துச் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஜயபூமி, சுவர்ணபூமி என்று பெயர் போட்டுத் தரப்பட்ட அளிப்புப் பத்திரம் அதைவிட மேலானது. ஆனாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் அதை விற்க முடியாது. அனுமதி இல்லாமல் நொத்தாரிசு எழுதினாலும் அந்த எழுத்து செல்லாது. அளிப்புகளை முழு உரிமையாக மாற்றித் தருவதற்கு 2024இல் உறுமய என்ற திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் ஆள் அதில் பத்திரம் பெற்றவரா என்று கேட்டுப் பாருங்கள். பெர்மிட்காரர் இறந்திருந்தால், பின்னுரித்தாளியாக யாருடைய பெயர் பதிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பு பெயர் எழுதாமல் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்த வேற்றுமையை நீக்கினார்கள். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற நம் பகுதிக்கு இது எவ்வளவு தாமதமாக வந்த நியாயம் என்று நினைத்துப் பாருங்கள்.

பெர்மிட் காணியை வெற்றுக் கடதாசியில் எழுதி முத்திரை ஒட்டி வாங்கி, வீடும் கட்டி, பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். பணம் வாங்கியவர் நோர்வேயில் இருந்தார். எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

அச்சாரமும் அப்படித்தான். நான் முதலில் சொன்ன 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், விற்பனைக்கு மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும் என்கிறது. ஒரு கொப்பித் தாளில் "அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கினால் அந்தத் தாளைக் காட்டிக் காணியை எழுதித் தரும்படி கேட்க முடியாது. உறுதியைப் பார்த்து, தோம்பில் 30 வருடத்துக்காவது தேடி, ஈடு ஏதும் இருக்கிறதா என்று தெரிந்து, அதற்குப் பிறகு காசை வங்கி வழியாகக் கொடுங்கள்.

ஆள் வந்து ஒப்பம் வைக்க முடியாவிட்டால் அற்றோணி தத்துவம். அங்குள்ள நம் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ போய் எழுதிக் கொடுத்து, அது இங்கே பதிவாக வேண்டும். 2022இல் அற்றோணி தத்துவச் சட்டத்தையும் இறுக்கினார்கள். அவ்வளவு மோசடி நடந்திருந்தது. வாங்குகிறவர் மூன்றைப் பார்க்க வேண்டும். அந்தத் தத்துவத்தில் இந்தக் காணியை விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்கிறதா, அது இன்னும் இரத்தாகாமல் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா. கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் அற்றோணியும் முடிந்துவிடுகிறது. அதனால் உறுதி எழுதுகிற நாள் காலையில் உரிமையாளரோடு முகம் பார்த்து ஒரு வீடியோ கோல் எடுத்துப் பேசுங்கள். அவருக்கும் அது ஆறுதல்.

முத்திரைத் தீர்வை வாங்குகிறவருடைய பொறுப்பு. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 20 இலட்சத்துக்கு வாங்கினால் 3,000மும் 76,000மும் சேர்த்து 79,000 ரூபா. இதை மிச்சம் பிடிக்கவென்று உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த விலைதான் வங்கியில் காட்டுகிற கணக்கு.

இனி, இந்த உரை அச்சில் வரும் என்பதால், வெளியில் இருந்து வாசிக்கப் போகிற நம் ஊர்ச் சகோதரங்களுக்கும் ஒரு வார்த்தை. விற்க விருப்பமில்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். அதில் பிழையில்லை, இங்கே யாரும் கோபிக்க மாட்டோம். ஆனால் பதிலே சொல்லாமல் விடாதீர்கள். உங்கள் விலாசத்தையும் இலக்கத்தையும் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து வையுங்கள். உறுதியின் பிரதி ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அந்த வளவு எங்கே இருக்கிறது என்று கூட்டிவந்து காட்டுங்கள். மரணசாசனம் எழுதுங்கள். நாலு நாட்டில் இருக்கும் நாலு பிள்ளைகளுக்கு ஒரு பிரிபடாத வளவை விட்டுப் போனால், பிறகு அதை விற்கவும் முடியாது, ஆளவும் முடியாது. விற்பதென்றால், கூடிய விலை தரும் ஆளைத் தேடுவதற்கு முதல், ஊரில் வீடில்லாமல் இருக்கும் இளம் குடும்பம் எது என்று ஒரு முறை விசாரியுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருந்தால்தான் ஊர் ஊராக இருக்கும்.

என் கதையை முடித்துவிட்டு இறங்குகிறேன். அந்த அக்காவோடு எட்டு மாதம் பேசினேன். வாரம் தவறினால் அவரே எடுப்பார். கடைசியில் ஒருநாள் கேட்டார், "உன்ர மகளுக்கு அறுபது பேர்ச்சஸ் காணுமா?" என்று. காணும் அக்கா என்றேன். கிழக்குப் பக்கம் ஒழுங்கையோடு இருபது பேர்ச்சஸை அவர் தனக்கு வைத்துக்கொண்டார். அவருடைய பழைய வீட்டின் அத்திவாரம் இருக்கும் இடம் அதுதான். நில அளவையாளரைக் கூப்பிட்டு இரண்டு துண்டாகப் பிரித்து, பிரதேச சபையில் அனுமதி எடுத்து, உறுதி எழுதினோம். கிணறு எங்கள் துண்டுக்குள் வந்தது. கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் அவருக்கு உண்டு என்று உறுதியில் எழுதச் சொன்னேன். நொத்தாரிசு நிமிர்ந்து பார்த்தார், எழுதினார்.

அக்காவின் பழைய சீதன உறுதியை அவருடைய தம்பி பொலித்தீன் உறையோடு கொண்டுவந்திருந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது, மஞ்சள் பட்டிருந்தது. எல்லை எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேற்கெல்லையாக என் அம்மாவின் பெயர் இருந்தது.

என் மகளின் புது உறுதியில் கிழக்கெல்லையாக அக்காவின் பெயர் இருக்கிறது.